மணல் போன கரையில் மூவாயிரம் மீட்டர்

இந்த எபிசோட் ஒரு கேள்வியிலிருந்து வந்தது. வடசென்னை பாக்ஸர்களைத் தந்திருக்கு, ஃபுட்பால் ஆடுறவங்களைத் தந்திருக்கு. கேரம்ல வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகச் சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சாங்க. ஆனா தூர ஓட்டத்துல எங்க பக்கத்துப் பேர் ஒண்ணு சொல்லுன்னு கேட்டா, உடனே வாய்க்கு வர மாட்டேங்குது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தமானது. இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சேன். ஒன்பதாவதுல ஆரம்பிச்சு நாலு வருஷம் திருவொற்றியூர்ல 1500, 3000 மீட்டர் ஓடினேன். மாவட்டப் போட்டிக்கு மேல போகல. "தூர ஓட்டத்துக்கு என்னம்மா வேணும், ரெண்டு கால் இருந்தா போதாதா?"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. பணம் இல்லாதவங்களோட விளையாட்டுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு.

அதுல பாதி உண்மை. புதுக்கோட்டையைப் பாருங்க. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் வெள்ளி வாங்கினாங்க. பாலினச் சோதனைன்னு சொல்லி அதைப் பறிச்சாங்க. அதே மாவட்டத்து சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டுல 5,000, 10,000 ரெண்டுலயும் தங்கம். லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில அதே ரெண்டு தூரத்துலயும் தங்கம். மறு வருஷம் ஜகார்த்தாவில் 10,000-ல மூணாவதா வந்தார். ஓடும்போது கோட்டுக்கு உள்பக்கம் கால் வெச்சதுக்காக அந்த வெண்கலம் போச்சு. ஒரே மாவட்டம், மூணு பேர், யாருமே வசதியான வீட்டுப் பிள்ளைங்க இல்ல.

அப்போ வறுமை மட்டும் காரணமா இருக்க முடியாது. வறுமை எங்ககிட்டயும் இருக்கு. எங்ககிட்ட இல்லாதது நீளம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கேரம் போர்டு ஆடுற பரப்புல ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். பாக்ஸிங் ரிங் கயிறுக்குள்ள அதிகபட்சம் 6.1 மீட்டர். ஒரு ஓடுதளம் ஒரு சுத்து 400 மீட்டர். முதல் ரெண்டும் ஒரு சந்துக்குள்ள, ஒரு மன்றத்துக்குள்ள அடங்கும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் வளர்ந்த ஊர் இது. எவ்வளவு இடம் மிஞ்சிச்சோ, அதுக்குள்ள அடங்குற விளையாட்டு இங்க வளர்ந்தது. எங்க ஸ்கூல் கிரவுண்டை நாங்களே கயிறு வெச்சு அளந்தோம். ஒரு சுத்து 120 மீட்டர். 3000 மீட்டர்னா 25 சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் நாலு முனை, எல்லாம் இடது பக்கம். நூறு தடவை திரும்பினா முதல்ல வலிக்கிறது மூச்சு இல்ல, இடது முட்டி.

"கடற்கரை பக்கத்துலதானே இருக்கு, மணல்ல ஓடலாமே?"ன்னு கேட்கலாம். இங்கதான் வரலாறு வருது.

1875-ல் மெட்ராஸ் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி கப்பல் தள்ளி நிற்கும், மசூலா படகுல சரக்கும் ஆளும் கரைக்கு வரும். நம்ம கரையோரம் வருஷத்துல பெரும்பாலான மாசம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கிட்டே போகும். துறைமுகத்துக் கல் சுவர் கடலுக்குள்ள நீண்டதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கேயே நின்னுடுச்சு. ஒரு காலத்துல கோட்டை பக்கம் வரைக்கும் இருந்த கடல் பின்வாங்கிச்சு. மெரினா அகலமாச்சு. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்க நடைபாதை அமைச்சு அந்தப் பேரையும் வெச்சார்.

வடக்கே மணல் வரத்து நின்னுச்சு, அலை மட்டும் நிக்கல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுச்சு, மீனவர் வீடுகளையும் தின்னுச்சு. தடுக்கப் பாறாங்கல் கொட்டினாங்க. தூண்டில் வளைவு போட்ட பிறகு சில இடத்துல கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கு, ஆனா ஒரு கிலோமீட்டர் நேரா ஓடுற மாதிரி இல்ல. தெற்கே காலையில ஆயிரம் பேர் ஓடுற அந்த மணல்ல, எங்க கரைக்கு வந்து சேர வேண்டியதும் இருக்கு. சென்னை மாரத்தான் சில வருஷமா நேப்பியர் பாலத்துல தொடங்கி தெற்கேதான் போகுது. துறைமுகம் அந்தப் பாலத்துக்கு வடக்கே.

மிச்சம் இருந்தது ரோடு. எண்ணூர் விரைவுச் சாலையில துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிற்கும். லாரிக்கும் கல்லுக்கும் நடுவுல ஓடினோம்.

அப்புறம் காத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆள் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காத்து இழுப்பார். முழு வேகத்துல ஓடும்போது அது 100 லிட்டரைக்கூடத் தொடும். "காலையில சுத்தமான காத்துல ஓடு"ன்னு எல்லா ஊர்லயும் சொல்வாங்க. எங்க ஊர்ல விடியற்காலையில காத்து நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். எங்களுக்கு மேற்கே மணலி. 1960-களின் கடைசியிலிருந்து சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைன்னு வளர்ந்த மணலி. அதனால காலையிலதான் வாடை அதிகம். மதியத்துக்கு மேல கடல் காத்து திரும்பும், அப்போ மூச்சு கொஞ்சம் லேசாகும். இது எந்த கோச்சிங் புத்தகத்துலயும் கிடையாது. எங்களுக்கு முன்னாடி ஓடின அக்காங்க சொல்லித் தந்தது.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சது. சனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. அப்ப நான் பத்தாவது. அந்த மாசம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெயும் படிஞ்சிருந்தது. அரையாண்டு லீவு முழுக்க நான் ஷூ கட்டல.

ஒண்ணு மட்டும் மாறிச்சு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. அதுல ஏறி சென்ட்ரல்ல இறங்கினா நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். பதினொண்ணாவதுல அங்க முதல் தடவையா 400 மீட்டர் சுத்துல ஓடினேன். 3000 மீட்டர்னா ஏழரை சுத்து. வளைவு இவ்வளவு பெருசா இருக்கும்னு எனக்குத் தெரியாது. முட்டி வலிக்கல. அந்த மாசமே என் நேரம் இருபது செகண்ட் குறைஞ்சது. என் நுரையீரல் அதேதான். மாறினது தரை.

அதனால, வடசென்னைப் பிள்ளைங்களுக்குத் தூர ஓட்டம் வராதுன்னு யாராவது சொன்னா, 1875-லிருந்து ஆரம்பிச்சுப் பேசுங்க. இங்க எதுக்கு இடம் ஒதுக்கினாங்க, எதுக்கு ஒதுக்கலங்கிறதுதான் பதில். கேட்கிறதும் பெரிசில்ல. சிந்தெடிக் கூட வேண்டாம், சமமான ஒரு 400 மீட்டர் மண் தடம், சுத்தி வரிசையா மரம்.

எங்க ஸ்கூல்ல இப்ப ஒன்பதாவது படிக்கிற நாலு பொண்ணுங்க 3000 ஓடுறாங்க. போன வாரம் அவங்களுக்கு எழுதிக் கொடுத்தேன்: காத்து எத்தனை மணிக்குத் திரும்பும், லாரி எந்த நேரம் குறையும், மெட்ரோல எங்க இறங்கணும். அளந்த கயிறும் அவங்ககிட்டதான் இருக்கு.