நிலமும் ஊர்ப்பணியும்: வெர்மான்ட் குடியானவர் ஜான் கூலிட்ஜின் குடும்ப வரலாறு

அமெரிக்காவின் 30ஆம் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜின் தந்தை ஜான் கால்வின் கூலிட்ஜ் (1845–1926). மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் என்றே உலகம் அவரை அறியும். அந்த நாளுக்கு முன்பே அரை நூற்றாண்டுக் காலம் அவர் உழுதார், கடை நடத்தினார், ஊர்ப் பொறுப்புகளைச் சுமந்தார். தலைமுறை வரிசையில் பார்த்தால், அக்குடும்பத்தில் நிலமும் ஊர்ப்பணியும் சேர்ந்தே கைமாறி வந்திருக்கின்றன.

இக்குடும்பத்தின் மூதாதை ஜான் கூலிட்ஜ் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரைச் சேர்ந்த காட்டன்ஹாமிலிருந்து 1630 அளவில் கடல் கடந்து, மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் ஊரில் குடியேறினார். அவர் வழிவந்த கேப்டன் ஜான் கூலிட்ஜ் அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றியவர். 1780களில் வெர்மான்ட் மலைநாட்டுக்கு வந்து காடு திருத்தினார். சால்ட்டாஷ் என்றிருந்த அந்த ஊர் 1797இல் பிளிமத் ஆயிற்று. அதன் தொடக்ககால நிர்வாகக் குழுவினருள் அவரும் ஒருவர். நிலத்தைத் திருத்தியவரே ஊரையும் நிர்வகித்தார்.

அந்த மண் எளிதில் விளைவு தருவதன்று. பாறைச் சரிவு, நீண்ட பனிக்காலம், குறுகிய கோடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெர்மான்ட் குடியானவர்கள் பலர் மேற்கின் சமவெளிகளைத் தேடிப் போனார்கள். கூலிட்ஜ் குடும்பத்தின் ஒரு கிளை பிளிமத்திலேயே ஊன்றி நின்றது. அதன் மனத்தை அறிய ஜானின் தந்தை கால்வின் கலூஷா கூலிட்ஜைப் பார்க்கவேண்டும்.

கலூஷா உழவர்; குதிரை வளர்ப்பில் ஆசையுள்ளவர்; வெர்மான்ட் சட்டமன்றத்திலும் இருந்தவர். மானமாகப் பிழைக்க உழவே வழி என்பது அவர் நம்பிக்கை. பேரன் கால்வினை மண்ணோடு பிணைக்க, சுண்ணாம்புக் காளவாய் நிலம் என்று வழங்கிய 40 ஏக்கரை அவன் ஆயுள்வரை அனுபவிக்கவும், பின் அவன் வாரிசுகளைச் சேரவும் எழுதிவைத்தார். நோயுற்றுக் கிடந்தபோது யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பேரனை வாசிக்கச் சொன்னார். சிறுவயதில் தம் பாட்டனாருக்கு அவர் வாசித்துக் காட்டிய அதிகாரம் அது. 1878இல் அவர் மறைந்தபோது பேரனுக்கு வயது ஆறு.

ஜான் தந்தையின் வழியை விரிவாக்கினார். பிளிமத் நாட்ச் குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்தார். இடத்துக்கு ஆண்டு வாடகை 40 டாலர். கடையின் பின்புறத்தை ஒட்டிய வீட்டில் 1872 ஜூலை 4ஆம் நாள் கால்வின் பிறந்தான். தச்சும் கொத்தும் ஜானுக்குக் கைவந்தவை. வரி வசூல், காவல் பொறுப்பு, பள்ளி மேற்பார்வை, சிறு வழக்குகளைத் தீர்க்கும் நீதிப் பொறுப்பு என ஊர் அவரிடம் மாற்றி மாற்றி வேலை ஒப்படைத்தது. வெர்மான்ட் சட்டமன்றத்தின் கீழவையில் 1870களிலும், 1910இல் தேர்வாகி மேலவையிலும் அமர்ந்தார். ஆளுநர் ஸ்டிக்னியின் பணிக்குழுவில் இருந்ததால் 'கர்னல்' என்ற மரியாதைப் பட்டமும் கிடைத்தது.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் கூடும் ஊர்க்கூட்டம் அங்கே பெரிய பள்ளி. சாலை, பள்ளிக்கூடம், வரி எல்லாம் அங்கே எல்லோர் முன்னிலையிலும் பேசி வாக்கெடுத்து முடிவாகும். சிறுவன் கால்வின் அங்கே ஆப்பிளும் சோளப்பொரி உருண்டையும் விற்றான். பொதுப்பணத்தை எண்ணிச் செலவிட வேண்டும் என்ற பாடத்தை அவன் முதலில் கற்றது தந்தையிடமே.

வீட்டில் துயரம் நிறைந்திருந்தது. ஜானின் மனைவி விக்டோரியா 1885இல் தம் 39ஆம் பிறந்தநாளன்றே இறந்தார். மகள் அபிகேல் 1890இல் பதினான்கு வயதில் மறைந்தாள். அதே 1890இல்தான் ஜான் அண்டை உழவர்களோடு சேர்ந்து பிளிமத்தில் பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் தொடங்கினார். மலைப்பண்ணைப் பாலுக்கு ஊரிலேயே விலை கிடைக்க அது வழி செய்தது. மறு ஆண்டு, பள்ளி ஆசிரியை கேரலைனை மணந்தார். அவர் கால்வினுக்கு அன்பான தாயானார்.

1923 ஆகஸ்ட் 2ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் இறந்தார். துணைத் தலைவரான கால்வின் அப்போது பிளிமத்தில் தந்தை வீட்டில் இருந்தார். செய்தி நள்ளிரவில் மலையேறி வந்தது. ஜான்தான் மகனை எழுப்பினார். விடியுமுன் 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கொளியில், நோட்டரி பப்ளிக் என்ற தகுதியில் பிரமாணம் செய்துவைத்தார். நாட்டின் உச்சப் பதவி, ஓர் ஊர்ப் பொறுப்பாளரின் கையால் வழங்கப்பட்டது. அந்த அதிகாரம் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்ததன்று. பத்திரமும் உயிலும் எழுதப் பக்கத்து வீட்டார் தேடிவரும் மனிதராக வாழ்ந்ததால் வந்தது.

1926 மார்ச் 18ஆம் நாள் ஜான் மறைந்தார். மகன் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. 1933இல் கால்வினும் தந்தை அடங்கிய பிளிமத் இடுகாட்டிலேயே அடக்கமானார். நின்றுபோயிருந்த பாலாடைக்கட்டித் தொழிற்கூடத்தை 1960இல் மீண்டும் இயக்கியவர் ஜானின் பேரன், அவர் பெயரையே தாங்கிய ஜான் கூலிட்ஜ்.

இக்குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை விட்டுச்சென்ற பெரிய சொத்து ஊர்க்கணக்கை நேராக வைக்கும் பழக்கம். குடியரசுத் தலைவர் அதன் பலன்களில் ஒருவர். அவரை அறிய விரும்புவோர் வாஷிங்டனுக்கு முன் பிளிமத்தின் ஊர்க்கூட்டத்தைப் படிக்கவேண்டும். நாட்டாட்சியின் வரலாறு ஊராட்சியில் தொடங்குகிறது என்பதற்கு ஜான் கூலிட்ஜின் வாழ்வே போதிய சான்று.