டயரில் பழைய ரப்பரும் மாற்றுச் செடிகளும்

கழித்துப்போட்ட ரப்பரை மீட்டுச் சேர்ப்பதும், ரப்பர் மரம் அல்லாத செடிகளில் ரப்பர் தேடுவதும் டயர்த் தொழிலுக்குப் புதியவை அல்ல. ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் இவற்றுக்கு மவுசு கூடியது. மலிந்ததும் மறதி வந்தது.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் மெழுகைப்போல மறுபடி உருகாது. மீட்பதில் உள்ள சிக்கலே அதுதான். 1858-இல் ஹிராம் ஹால் நீராவி முறைக்கும், 1899-இல் ஆர்தர் மார்க்ஸ் காரக் கரைசல் முறைக்கும் காப்புரிமை பெற்றனர். 1910-இல் ரப்பர் வெள்ளி விலைக்கு விற்றது என்று பலரும் எழுதுவது மிகை. ஆனாலும் அவ்வாண்டு உச்சவிலை பவுண்டுக்கு 3 டாலரைத் தொட்டதால் மீட்ட ரப்பருக்கு மவுசு கூடியது.

எடிசன் 1927 முதல் கோல்டன்ராட் என்ற களைச்செடியில் ரப்பர் எடுக்க முயன்றார். அதில் செய்த டயர்கள் அவருடைய ஃபோர்டு காரில் ஓடின என்பர்.

சான்றுகள் மலிந்த காலம் 1942. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தமிழ்த் தொழிலாளர் பால்மரம் சீவிய மலாயாத் தோட்டங்கள் ஜப்பான் வசமாயின. அமெரிக்காவுக்கான இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு நின்றுபோனது. ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டக்குழாய், குளியல் தொப்பி என எதுவானாலும் பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னார். பவுண்டுக்கு ஒரு சென்ட் விலை. ஜூலை 10-க்குள் சுமார் 4,50,000 டன் சேர்ந்தது. உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கஸ் வெள்ளை மாளிகையின் ரப்பர் மிதியடியையே சுருட்டிக்கொண்டு போனார் என்றொரு கதையும் உண்டு. திரண்டதில் எவ்வளவு டயருக்கு உதவியது என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. இருக்கும் டயர் தேயாமலிருக்க வேகவரம்பு மணிக்கு 35 மைலாக்கப்பட்டது.

கூடவே குவாயூலே என்ற பாலைப்புதரைக் கலிஃபோர்னியாவில் அரசு பயிரிட்டது. போர்க்காலத் தடுப்பு முகாமான மான்சனாரில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் சிலர், அந்த அடைப்புக்குள்ளேயே குவாயூலே ஆய்வு நடத்தினர். சோவியத் ஒன்றியம் கோக்-சாகிஸ் என்ற டாண்டிலியன் இனத்தை நம்பியது.

போருக்குப்பின் செயற்கை ரப்பர் மலிந்தது. எஃகுக் கம்பி வைத்த ரேடியல் டயர்கள் மீட்பைக் கடினமாக்கின.

2022-இல் குவாயூலே ரப்பர் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் இண்டிகார் பந்தயத்தில் ஓடின. 2023 ஜனவரியில் குட்இயர் காட்டிய மாதிரி டயரில், உமிச்சாம்பல் சிலிக்கா, சோயா எண்ணெய் உள்ளிட்ட நிலைத்தகு பொருள்கள் 90 விழுக்காடு. அதே ஆண்டு கான்டினென்டல் விற்பனைக்கு அறிமுகப்படுத்திய அல்ட்ராகான்டாக்ட் என்எக்ஸ்டி டயருக்கு 65 விழுக்காடு வரை சொல்லப்படுகிறது. வழக்கமான மூலப்பொருளோடு கலந்து, கணக்கில் மட்டும் பிரித்துச் சான்று பெறுபவையும் அதில் அடக்கம்.