பத்து வெள்ளி புகட்டிய பாடம்: தோட்டத் தமிழரும் சொந்த வீடும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதற்கு வேண்டுவன பலவாயினும், 'இது எம்முடையது. எம்மை இங்கிருந்து எழுப்புவார் எவருமிலர்' என்று சொல்லத்தக்க ஓரிடமே அவற்றுள் முதன்மையானது. இவ்வெளிய பேறு மலேசியத் தோட்டத் தமிழர்க்கு ஒரு நூற்றாண்டுக் காலம் எட்டாக்கனியாய் இருந்தது ஏன்? அதனை எய்த அவர்கள் மேற்கொண்ட முயற்சிகளுள் எவை வென்றன, எவை பாதி வழியில் நின்றன? தம்பின் வட்டாரத்தை முன்னிறுத்தி இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

தம்பினும் லயமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்கோடியில், மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்த ஊர் தம்பின். கெமாஸ், கெமஞ்சே, ரெப்பா, ஆயர் கூனிங் முதலியன இம்மாவட்டத்துள் அடங்கும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896 ஆம் ஆண்டில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பின்னர் இவ்வட்டாரக் காடுகள் ஒவ்வொன்றாகப் பால்மரத் தோட்டங்களாயின. 1905 இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கங்காணிமார் தத்தம் ஊர்களிலிருந்து உற்றாரையும் அண்டை அயலாரையும் திரட்டிக் கொணர்ந்தனர். 1907 இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி அவர்களின் கப்பற் செலவைத் தாங்கியது.

வந்தவர்க்குத் தோட்ட நிருவாகம் தந்த உறைவிடமே லயம். நீண்டதொரு கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். முன்புறம் சிறு திண்ணை, பின்புறம் அடுப்படி. தொழிலாளர்க்கு உறைவிடம் தருவது முதலாளியின் கடமை எனச் சட்டமும் விதித்தது. வாடகை இல்லை என்பது கேட்பதற்கு இனிதே. ஆயின் அவ்வினிமைக்குள் ஒரு முள் மறைந்திருந்தது. வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போயின் வீடும் போகும். பால் வெட்டிய கை தளர்ந்து ஓய்வுபெறும் நாளில், அதே குடும்பத்தில் மற்றொருவர் பிரட்டுக்குப் பெயர் கொடுத்தாலன்றி, அவ்வறையைக் காலி செய்தாக வேண்டும். நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டும் அவர் கையில் இராது.

ஆதலின் தோட்டத் தொழிலாளியின் வறுமை கூலிக் குறைவால் மட்டும் விளைந்ததன்று. உண்ணும் அரிசி தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகத்தில். உறையும் வீடு துரையின் கணக்கில். உழைப்புக்குரிய நாட்கணக்கு கிராணியின் ஏட்டில். தம் வாழ்வின் கணக்கைத் தாமே எழுதும் வாய்ப்பு அவர்க்கு எங்கும் இல்லை.

சேமிக்கத் தெரியாதவரா?

தோட்ட மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது எனச் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கூட்டுறவுச் சட்டம் 1922 இல் மலாய் ஐக்கிய மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தபின், தோட்டத் தொழிலாளர்க்கெனவே சிக்கனச் சங்கங்கள் அமைந்தன. மாதந்தோறும் சிறு தொகை செலுத்திச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பினோர் பலர். பெண்கள் தமக்குள் கூட்டுக் கட்டினர்; கையில் மிஞ்சியதைத் தோடாகவும் காப்பாகவும் மாற்றி வைத்தனர். 1951 இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் பிறந்தது. தொழிலாளி நூற்றுக்கு ஐந்தும் முதலாளி நூற்றுக்கு ஐந்தும் செலுத்த வேண்டும் என்பது அதன் தொடக்க விதி.

எனவே சேமிப்பு இருந்தது. சேமிப்பின் திசைதான் வேறாய் இருந்தது. ஈட்டியது தமிழகத்துக் காணிக்கும், தங்கைக்குச் சீதனத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் சென்றது. 'இம்மண்ணில் நமக்கொரு துண்டு நிலம்' என்ற எண்ணம் வேர்விடவில்லை. ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கை ஒருபுறம். நிலம் வாங்க வழிகாட்டுவார் இன்மை மறுபுறம்.

போர் அந்த நம்பிக்கையையும் குலைத்தது. சப்பானியர் தம்பின்–மலாக்கா இருப்புப்பாதையைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாக அப்பாதை அமைக்கும் வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். மீண்டவர்க்கு இதுவே தம் நாடு என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. ஆனால் நாடு கிடைத்தும் வீடு கிடைக்கவில்லை.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

1957 இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டி, வெளிநாட்டு முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறலாயினர். வாங்கியோர் பெருந்தோட்டத்தைச் சிறு சிறு பகுதிகளாக்கி விற்று ஆதாயம் கண்டனர். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கிய சிறு உடைமையாளர்க்குத் தொழிலாளரும் வேண்டா, லயமும் வேண்டா. வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து, அதனால் தொழிலாளர் அடைந்த இன்னல்களை வெளிப்படுத்தினார். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டுத் தோட்ட நில விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆயின் சட்டம் வரும்வரை மக்கள் காத்திருக்க இயலுமா?

அந்நெருக்கடியில் எழுந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960 இல் அதனை நிறுவியவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட உடைமையாளரின் மகனாகப் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமைச்சராக விளங்கிய அவர், தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் வைத்த வேண்டுகோள் எளியது: மாதம் பத்து வெள்ளி செலுத்துங்கள், நூறு வெள்ளி சேர்ந்ததும் நீங்கள் பங்குதாரர், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம்.

இன்று பத்து வெள்ளி அற்பமாகத் தோன்றலாம். அன்று நாட்கூலி மூன்று வெள்ளியை ஒட்டியே இருந்தது. ஆகவே, பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பு. பற்றுக் கணக்கு தீராத குடும்பம் அதனை எடுத்து வைப்பது எத்துணை அரிது! ஆயினும் செலுத்தினர். திரண்ட பணத்தைக் கொண்டு 1961 இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து வேறு தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. 1979 இல் மறையும் வரை துன் சம்பந்தன் இப்பணியைத் தம் நெஞ்சிலிருந்து இறக்கி வைத்தாரில்லை.

இவ்வெற்றியின் காரணம் யாது? பணத்தின் அளவு அன்று. பணத்தோடு சேர்ந்து வந்த பயிற்சியே என்பது என் துணிபு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. நூறு வெள்ளிக்காரரும் ஆயிரம் வெள்ளிக்காரரும் அங்கே சமம். மாதந்தோறும் தவறாது செலுத்துதல், கணக்குக் கேட்டல், பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசுதல் ஆகிய மூன்றும் பிறர் ஏட்டில் வாழ்ந்த மனிதனுக்குப் புதிய பழக்கங்கள். 'உன்னால் முடியும்' என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது எளிது. மாதந்தோறும் கதவைத் தட்டி, 'இம்மாதம் இயலவில்லையா? ஐந்தாவது கொடு' என்று உடன் நிற்பதே கடினம். அக்கடினமான பணியைச் செய்தவர்களாலேயே சங்கம் வளர்ந்தது.

இதற்கு மாறான படிப்பினையும் நம்மிடம் உண்டு. 1982 இல் மைக்கா நிறுவனம் தொடங்கப்பட்டபோது பல்லாயிரம் எளிய குடும்பங்கள், நகையை அடகு வைத்தும்கூட, முதலிட்டன. எதிர்பார்த்த பயன் அவர்களுக்குக் கிட்டவில்லை. திரட்டுதல் வேறு, பயிற்றுதல் வேறு என்பதை அவ்வனுபவம் உணர்த்துகிறது.

நிறைவேறாத பாதி

நில நிதிச் சங்கம் தோட்டத்தைக் காத்தது, வேலையைக் காத்தது. ஆனால் தோட்டம் கூட்டுடைமை ஆனதேயன்றி, தொழிலாளி குடியிருந்த வீடு அவர் பெயருக்குத் தானாக மாறிவிடவில்லை. இவ்வேறுபாட்டைத் தம்பின் மாவட்டத்திலேயே கண்ணாரக் காணலாம். 1956 இல் தொடங்கப்பட்ட ஃபெல்டா நிலத்திட்டத்தின் குடியிருப்புகளான பாசிர் பெசார், புக்கிட் ரோக்கான் ஆகியவை இங்குள்ளன. அங்குக் குடியேறியவர் கடனாளியாகவே தொடங்கினார். ஆயினும் ஒவ்வொரு தவணையும் அவரை நிலப்பட்டாவை நோக்கி ஓரடி நகர்த்தியது. லயத்தில் வாழ்ந்தவர்க்குக் கடன் இல்லை. பட்டாவை நோக்கிய பாதையும் இல்லை.

1969 க்குப் பின் குடியுரிமை அற்றோர் வேலை உரிமம் பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். எஞ்சியோருள் பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாதோர் இருந்தனர். ஒரு தாள் இன்மையால் மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் இயலாமற் போன குடும்பங்களின் துயர் சிறிதன்று. பின்னர் ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. பால் வெட்டியவர் வாழ்ந்த மண்ணில் எழுந்த புதிய வீடுகள் அவர் எட்டிப் பிடிக்கும் விலையில் இல்லை.

தொழிலாளர் உறைவிடத் தரம் பற்றிய சட்டங்கள் 1966 இலும் 1990 இலும் வந்தன. தோட்டத் தொழிலாளர்க்கு மாதச் சம்பளமாக 350 வெள்ளி உறுதியானது 2003 இல்தான். குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 2013 இல் 900 வெள்ளியும், 2025 இல் 1,700 வெள்ளியும் தீபகற்பத்தில் நிர்ணயிக்கப்பட்டன. இவை வேண்டற்பாலனவே. எனினும் தரமான லயமும் லயமே; அது வேலையோடு முடியும்.

நாம் கொள்ள வேண்டுவது

கெமஞ்சேயில் உள்ள பள்ளியின் பெயர் ரீஜண்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. நாடெங்கும் இவ்வாறு தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பல. அவற்றுள் சில இன்று நகரில் நிற்கின்றன. தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயரை மாணவர் எழுதும்போதெல்லாம், அதன் பின்னால் நின்ற குடும்பங்கள் எங்கே சென்றன என்று வினவுவது ஆசிரியர் கடன்.

வரலாறு காட்டும் வழி தெளிவானது. முதலாவது, சேமிப்புக்கு ஒரு குறிக்கோள் வேண்டும். 'சிக்கனமாய் இரு' என்பதைவிட 'இத்தனை ஆண்டில் இந்த வீடு' என்பது குடும்பத்தை ஒன்றுபடுத்தும். இரண்டாவது, ஆவணம் வேண்டும். பிறப்புச் சான்று, சேமநிதிக் கணக்கு, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை நிரப்பக் கற்பிப்பதும் தமிழ்க் கல்வியின் பயனே. மூன்றாவது, உடன் நிற்பார் வேண்டும். ஒரு முறை அறிவுரை கூறுவோர் அல்லர். ஓராண்டு முழுதும் கணக்கைப் பார்த்து, தவறியபோது கடிந்துகொள்ளாமல் கை கொடுப்போர். நான்காவது, முடிவில் உடைமை குடும்பத்தின் பெயரில் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருப்பின் மேலும் நன்று.

முதல் மூன்றையும் நம் பாட்டன்மார் பத்து வெள்ளியைக் கொண்டு தொடங்கிக் காட்டினர். நான்காவதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாதி. மூன்று நாள் உழைப்பை எடுத்து வைத்து, தாம் காணாத ஒரு தோட்டத்தை வாங்கத் துணிந்தனர் அம்மக்கள். கெடாவில் வாங்கிய தோட்டத்துக்குப் பிற மாநிலத் தொழிலாளியும் பங்குதாரர் ஆனார். அத்துணிவுக்கு உரியவர்களின் பேரர்கள், தாம் நாள்தோறும் காணும் ஊரில் ஒரு வீட்டைத் தம் பெயரில் எழுதிக்கொள்ள இயலாதா? இயலும். அதற்கு வழிகாட்டும் பொறுப்பு கற்றவர்களாகிய நம் தோள்மீது இருக்கிறது.