கம்பியில்லாச் சீரியல் அடாப்டர்: பழைய கையடக்கக் கணினிகளில் மின்வழங்கல்

கம்பியில்லாச் சீரியல் அடாப்டர் என்பது கணினியின் சீரியல் போர்ட்டில் செருகப்பட்டு, அங்கே வரும் எழுத்துகளை வைஃபை அல்லது ப்ளூடூத் வழியாக அனுப்பிப் பெறும் சிறு கருவி. வைஃபை வகைக்கு 'வைஃபை மோடம்' என்ற பெயரே புழக்கத்தில் உள்ளது. 1981-இல் வெளிவந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம் பரப்பிய ஏடி கட்டளைகளை அது அப்படியே ஏற்கும். தொலைபேசி எண் இருந்த இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்தால் டெல்நெட் வழியே அங்கு இணைத்துவிடும். கணினியைப் பொறுத்தவரை மறுமுனையில் இருப்பது பழைய தொலைபேசி மோடம்தான். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் விற்பனையான கையடக்கக் கணினிகளை இன்றைய வலையமைப்போடு சேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அடாப்டருக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு கணினியிலும் புதிதாக எழுகிறது.

ஆர்எஸ்-232 தரமும் மின்வழங்கலும்

சிக்கலின் வேர் சீரியல் இணைப்பின் தரத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மின்னணுத் தொழிலகச் சங்கம் 1960-இல் ஆர்எஸ்-232 தரத்தை வெளியிட்டது. தட்டச்சு முனையத்தையும் தொலைபேசி மோடத்தையும் இணைப்பதே அதன் நோக்கம். இரண்டுமே மேசையளவுக் கருவிகள். இரண்டுக்கும் சுவரில் தனித்தனி பிளக் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்கு மின்சாரம் தர வேண்டிய தேவையே அன்று எழவில்லை. 1969-இல் வந்த மூன்றாம் திருத்தமான ஆர்எஸ்-232-சி பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது. அதோடு வழக்கத்துக்கு வந்த 25 முனைச் செருகியில் தரவுக்கு, நேர ஒழுங்குக்கு, கட்டுப்பாட்டுக்கு, இரண்டாம் தடத்துக்கு என்று முனைகள் ஒதுக்கப்பட்டன. 9, 10 ஆகிய முனைகள் மோடத்தைச் சோதிப்பதற்கு விடப்பட்டன. மின்வழங்கலுக்கு ஒரு முனைகூட இல்லை. 1984-இல் ஐபிஎம் பிசி/ஏடி 9 முனைச் செருகியைப் பரப்பியபோது தேவையற்ற கம்பிகள் கழிக்கப்பட்டனவே தவிர, மின்கம்பி சேர்க்கப்படவில்லை. பிற்காலத்து எல்லாத் தொல்லைகளுக்கும் இந்த விடுபடலே காரணம்.

இத்தரத்தில் 0, 1 ஆகிய இரு நிலைகளும் எதிரெதிர் மின்னழுத்தங்களாகச் செல்கின்றன. அனுப்பும் முனை 5 முதல் 15 வோல்ட் வரை, நேர்த்திசையிலோ எதிர்த்திசையிலோ தர வேண்டும். பெறும் முனை 3 வோல்ட்டைத் தாண்டியதை ஏற்க வேண்டும். அதன் மின்தடை 3 முதல் 7 கிலோ ஓம் வரை இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு கம்பியில் இயல்பாக ஓடுவது சில மில்லிஆம்பியர் மட்டுமே. இந்த வேலைக்கென்றே மோட்டோரோலா உருவாக்கி, பல நிறுவனங்கள் பின்பற்றிய 1488 சில்லு நேர், எதிர் என இரு மின்வழங்கல்களைக் கேட்கும். பெரும்பாலும் 12 வோல்ட். அதன் வெளியீட்டு மின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரில் தானே நின்றுவிடும். கம்பிகள் தவறுதலாக ஒட்டிக்கொண்டாலும் சில்லு எரியக் கூடாது என்பதற்கான காப்பு அது. அதே காப்புதான் பின்னாளில் அடாப்டர்களுக்குத் தடையாக நின்றது.

மின்கலத்தில் ஓடும் கணினிக்குள் 12 வோல்ட்டை இரு திசையிலும் உண்டாக்குவது வீண்செலவு. மேக்சிம் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த மேக்ஸ்232 சில்லு இதைத் தீர்த்தது. சில மின்தேக்கிகளின் துணையோடு, ஒரே 5 வோல்ட்டிலிருந்து இரு திசை மின்னழுத்தங்களையும் அது தானே உண்டாக்கிக்கொள்ளும். கையடக்கக் கணினிகளுக்கு இது பெரும் உதவி. ஆனால் மின்தேக்கிகளை மாற்றி மாற்றி நிரப்பி எடுக்கும் இந்த முறையில் வெளியே தரக்கூடிய மின்னோட்டம் சிறிது. ஆகவே புதிய கணினியாயிற்றே, போர்ட்டில் கூடுதல் திறன் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 1488 வைத்த பழைய மேசைக்கணினி தருமளவுகூடப் பல மடிக்கணினிகள் தருவதில்லை.

கட்டுப்பாட்டுக் கம்பிகளிலிருந்து எடுத்தல்

மின்கம்பி இல்லாத போர்ட்டிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்பதைப் பரவலாகக் காட்டியது சீரியல் மவுஸ். கணினி தயாராக இருப்பதைச் சொல்லும் டிடிஆர் கம்பியும், அனுப்ப அனுமதி கேட்கும் ஆர்டிஎஸ் கம்பியும் வேலை நடக்கும்போது நேர் மின்னழுத்தத்தில் நிற்கும். அவ்விரண்டையும் டையோடுகள் வழியே சேர்த்தால் சில்லறை மின்சாரம் கிடைக்கும். மவுஸுக்கு வேண்டியது 10 மில்லிஆம்பியர் அளவே என்பதால் அது போதுமானது. மைக்ரோசாஃப்ட் வகை மவுஸில் இதை வைத்தே ஓர் அழகான ஏற்பாடு செய்திருந்தார்கள். டிரைவர் மென்பொருள் ஆர்டிஎஸ் கம்பியைக் கீழிறக்கி மீண்டும் உயர்த்தும். மின்சாரம் போய் வந்த மவுஸ் விழித்தெழுந்து 'எம்' என்ற ஓர் எழுத்தை அனுப்பும். போர்ட்டில் மவுஸ் இருப்பதைக் கணினி அதைக் கொண்டு அறியும்.

வைஃபை அடாப்டரில் இந்த வழி செல்லாது. இவ்வகைக் கருவிகள் பெருகக் காரணம், ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சில்லு. 2014-இல் சிறு தகடுகளாக மலிவு விலையில் கிடைக்கத் தொடங்கிய இது 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. காத்துக் கேட்கும்போது 50 மில்லிஆம்பியரைச் சற்றுத் தாண்டும், 802.11பி முறையில் முழு வலுவோடு அனுப்பும்போது 170 மில்லிஆம்பியரை இழுக்கும். அதாவது நொடிப்பொழுதுக்கு 560 மில்லிவாட். இரு கட்டுப்பாட்டுக் கம்பிகளும் 7 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் வீதம் முழுதாகக் கொடுத்தாலும் 140 மில்லிவாட்தான். சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே ஏறத்தாழ 180 மில்லிவாட் வேண்டும் என்பதால், எவ்வளவு திறமையான மாற்றிச்சுற்றைப் போட்டாலும் கணக்கு நிறைவதில்லை.

பெரிய மின்தேக்கியை வைத்துச் சமாளிக்கலாம் என்பாருண்டு. 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 170 மில்லிஆம்பியரை ஒரு மில்லிநொடி கொடுத்தால் அதன் மின்னழுத்தம் 0.36 வோல்ட் சரியும். தனித்த துடிப்புகளை அது தாங்கும். வைஃபை ரூட்டரோடு முதன்முதல் இணையும்போது துடிப்புகள் அடுத்தடுத்து வருவதால், சில்லு மின்சாரம் குன்றி மறுபடி மறுபடி தொடக்க நிலைக்கே திரும்பும். வெளியே தெரிவது, விளக்கு மினுங்கி அணைவதும் திரையில் பொருளற்ற குறிகள் வந்து விழுவதும்தான். மென்பொருள் கோளாறு என்று நினைத்துப் பலர் இங்கேதான் நாட்களைத் தொலைக்கிறார்கள்.

மின்னோட்டம் போதியதாக இருந்தாலும் இம்முறை நிலையானதன்று. டிடிஆர் கம்பியை இறக்கினால் மோடம் அழைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது பழைய மரபு. அதில் ஓடும் அடாப்டருக்கோ மூச்சே நின்றுபோகும். ஆர்டிஎஸ் கம்பியை வைத்துத் தரவோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களில், கணினி 'பொறு' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் பாதியாகும்.

ப்ளூடூத் அடாப்டர்களின் தேவை குறைவு. எச்சி-05 தகடு இணை தேடும்போது 30 முதல் 40 மில்லிஆம்பியர் வரை எடுத்து, இணைந்தபின் குறையும். 2010-இல் வந்த ப்ளூடூத் 4.0 தரத்தின் குறைமின் வகை இன்னும் சிக்கனமானது; கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஓடத்தக்கது அது ஒன்றே.

மாடல் 100: ஓர் எடுத்துக்காட்டு

ஜப்பானின் கியோசெரா தயாரித்து, ரேடியோ ஷாக் கடைகள் வழியே டேண்டி நிறுவனம் 1983-இல் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 இவ்வகை முயற்சிகளுக்கு மிகவும் உகந்தது. நான்கு ஏஏ மின்கலங்களில் சுமார் 20 மணி நேரம் ஓடும். திரையில் 40 எழுத்து கொண்ட 8 வரிகள். 25 முனை சீரியல் போர்ட்டும், 300 பாட் மோடமும், 'டெல்காம்' என்னும் தொடர்பு மென்பொருளும் உள்ளேயே உண்டு. செய்தியாளர்கள் இதை விரும்பிச் சுமந்ததற்கு இவையே காரணம். டெல்காமில் 'ஸ்டாட்' விசையை அழுத்தி 88என்1ஈ என்று அமைத்தால் 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட், எக்ஸான் கட்டுப்பாடு உண்டு என்று பொருள். 'பொறு', 'தொடர்' என்ற குறிப்புகள் எழுத்துகளாகவே செல்வதால் ஆர்டிஎஸ் கம்பிக்கு அதில் பங்கில்லை.

இக்கணினியின் சீரியல் வெளியீடு 5 வோல்ட் அளவிலேயே இருப்பதால் அங்கிருந்து மின்சாரம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பக்கவாட்டில் பார்கோடு வாசிப்பானுக்கென்று ஒரு 9 முனைச் செருகி இருக்கிறது. வாசிப்பானின் விளக்கு எரிவதற்காக அதில் 5 வோல்ட் வெளியே வருகிறது. அந்தச் செருகியிலிருந்து ஒரு சிறு கம்பியை எடுத்து அடாப்டருக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தோற்றத்தில் நேர்த்தியான ஏற்பாடுதான். எனினும் அந்த 5 வோல்ட் கணினியின் சொந்த மாற்றிச்சுற்றிலிருந்து வருவது. நினைவகத்துக்கும் திரைக்கும் அதுவே ஊற்று. 20 மணி நேரம் என்பதிலிருந்தே கணினி எடுப்பது 100 மில்லிஆம்பியர் அளவுதான் என்று தெரிகிறது. அதைவிட மிகுதியான ஒரு துடிப்பை நாற்பதாண்டு பழைய மாற்றிச்சுற்றின் மேல் ஏற்றினால் மின்னழுத்தம் தளரும். மின்கலங்களின் ஆயுள் பாதியாகக் குறையும். கணினியின் ஆவணங்கள் எல்லாம் நினைவகத்திலேயே உறைவதால், இழப்பு ஏற்பட்டால் மீட்க வட்டு எதுவும் இல்லை. ப்ளூடூத் அடாப்டருக்கு இந்தச் செருகி போதும். வைஃபை அடாப்டருக்குத் தனி மின்கலமே முறை.

பிற கணினிகள்

1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையோடு வந்த சிறு வட்டச் செருகி பின்னாளில் பல மடிக்கணினிகளில் இடம்பெற்றது. விசைப்பலகைக்கான 5 வோல்ட் அதில் கிடைக்கும். 275 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். சீராக்குவதற்கு ஒரு மின்தேக்கியும் வைத்தால் வைஃபை அடாப்டருக்கு இது ஏற்ற ஊற்று. ஜிர்காம் நிறுவனத்தின் பாக்கெட் ஈதர்நெட் அடாப்டர்கள் இவ்வழியை முன்பே கையாண்டன. மதர்போர்டில் இதற்குள்ள ஃபியூஸ் பற்றவைக்கப்பட்ட வகையாக இருப்பின், எரிந்தால் மாற்றுவது கடினம் என்பதை மறக்கலாகாது.

உள்ளே 5 வோல்ட் கம்பியைப் பற்றவைத்து 9 முனைச் செருகியின் 9-ஆம் முனைக்குக் கொண்டுவருவதும் உண்டு. கடைக் கல்லாக் கருவிகளில் பார்கோடு வாசிப்பானுக்காகப் பரவிய வழக்கம் அது. அழைப்பு மணிக்குறி செல்ல வேண்டிய முனை அது என்பதால், பின்னொரு நாள் விவரம் தெரியாதவர் வேறு மோடத்தைச் செருகினால் கேடு விளையும். பழங்கணினியின் உடலை மாற்றும் இவ்வழி தகாதது.

தனி மின்வழங்கல்

யுஎஸ்பி வழியே 5 வோல்ட் தருவது எல்லாக் கணினிக்கும் பொருந்தும். பவர் பேங்கைப் பயன்படுத்துகையில் ஒரு தொல்லை உண்டு: இணைத்த கருவி மிகக் குறைவாக எடுத்தால், கைபேசி நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். வைஃபை சில்லின் உறக்க முறையை நிறுத்திவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான்கு ஏஏ ரீசார்ஜ் மின்கலங்கள் 4.8 வோல்ட் தரும். அடாப்டர் தகடுகளில் பரவலாக உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கென்று 1.1 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதால், மின்கலங்கள் 4.4 வோல்ட்டுக்கு இறங்கியதுமே 3.3 கிடைக்காது. குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டரை வைத்தால் மின்கலங்களைக் கடைசிவரை பயன்படுத்தலாம்.

கணினி அணைந்திருக்கையில் அடாப்டருக்கு மட்டும் மின்சாரம் இருந்தால், தரவுக் கம்பி வழியே சிறு மின்னோட்டம் உள்ளே புகுந்து சில சீமாஸ் சில்லுகளை அரைகுறை விழிப்பில் வைக்கும். கணினியை முதலில் இயக்கி, அடாப்டரை முதலில் அணைக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஈஎஸ்பி8266 இருந்த இடத்துக்கு ஈஎஸ்பி32 வந்துகொண்டிருக்கிறது. அதன் உச்சத் தேவை 240 மில்லிஆம்பியர். ஆயத்தமாக விற்கப்படும் அடாப்டர்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி மின்செருகியோடு வருகின்றன.