பதினேழு ஆண்டுக் காத்திருப்பு

காத்திருத்தலை ஒரு திணைக்கே உரிப்பொருளாக வகுத்த மரபு நம் தமிழ் மரபு. வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்று ஆற்றியிருக்கும் தலைவியின் உள்ளமே முல்லை. ஒரு கதையின் தொடர்ச்சியை எதிர்நோக்கி நிற்கும் வாசகனின் உள்ளமும் அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கதே. அத்தகைய காத்திருப்பு ஒன்றின் வரலாற்றை ஆங்கில இலக்கியத்திலிருந்து ஈண்டுக் காண்போம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன், தம் பிள்ளைகளுக்குச் சொல்லிய கதை ஒன்று 'தி ஹாபிட்' என்னும் பெயரில் 1937 செப்டம்பரில் நூலாயிற்று. வீட்டை விட்டு அகல விரும்பாத குள்ள உருவினன் ஒருவன், டிராகன் காக்கும் புதையலைத் தேடிச் சென்று மீளும் கதை அது. அதனை அச்சேற்றலாமா என அறியப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கையெழுத்துப் படியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்துக் கருத்தெழுதியதற்கு அச்சிறுவன் பெற்ற ஊதியம் ஒரு ஷில்லிங். கதை நன்று என்றான் அவன், நூல் வெளிவந்தது.

நூல் வரவேற்பைப் பெறவே, தொடர்ச்சி வேண்டினார் பதிப்பாளர். அவ்வாண்டு டிசம்பரிலேயே டோல்கீன் எழுதத் தொடங்கினார். ஆயின் பிள்ளைக் கதையாகத் தொடங்கியது எழுத எழுதப் பெருங்காப்பியமாக விரிந்தது. முதற்கதையில் அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் விந்தைப் பொருளாக வந்த மோதிரம், இங்கே அணிந்தவனையே அடிமை கொள்ளும் தீய ஆற்றலாயிற்று. இடையில் உலகப் போர் மூண்டது. 1944-இல் ஆசிரியரின் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். எழுதிய இயல்களைத் தந்தை அவ்வப்போது அவருக்கு அஞ்சலில் அனுப்பிவந்தார். சென்னையிலிருந்து வரும் வார இதழுக்காக அஞ்சல்காரரின் வரவை வாயிலில் நின்று பார்த்த நம் குடும்பத்தாருக்கு, அவ்விளைஞரின் மனநிலையை விளக்கவும் வேண்டுமோ?

1949-இல் நூல் நிறைவுற்றது. எனினும் அதன் பெருநீளமும் போருக்குப் பிந்தைய காகித விலையும் தடையாக நின்றன. ஆசிரியர் வேறொரு பதிப்பகத்தை நாடியதும் பயன் தரவில்லை. 1952-இல் அதனை மீண்டும் கேட்டுப் பெற்றவர், தந்தையின் நிறுவனத்தில் பணியாற்றிய ரேனர் அன்வின். ஆயிரம் பவுன் வரை நட்டம் நேரலாம் என்று அவர் தந்தைக்கு எழுதினார், தந்தையும் இசைந்தார். பத்து வயதில் முதற்கதையைப் படித்த வாசகனே, இருபத்தாறாம் வயதில் அதன் தொடர்ச்சியை உலகிற்குக் கொணர்ந்தான் என்பது இவ்வரலாற்றின் இனிய செய்தி.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் அந்நூலின் முதற்பகுதி 1954 ஜூலையிலும், இரண்டாம் பகுதி நவம்பரிலும் வெளிவந்தன. நாயகன் ஃபிரோடோ பகைவர் கையில் சிக்க, தோழன் சாம் கோட்டை வாயிலுக்கு வெளியே வீழ்ந்து கிடக்கும் நிலையில் இரண்டாம் பகுதி முடிகிறது! பின்னிணைப்புகளை எழுதி முடிப்பதில் ஆசிரியர் காலந்தாழ்த்தியதால், 1955 அக்டோபர் வரை வாசகர் பொறுத்திருக்க நேர்ந்தது.

அதே 1954-இல்தான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிறைவெய்தியது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று நம் வாசகரும் கேட்டனர். கல்கி முடிவுரையில் விடை பகர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தபின், 'நந்திபுரத்து நாயகி' எழுதி அக்கதையைத் தொடர்ந்தவர் விக்கிரமன். மொழி வேறாயினும் வாசகனின் ஏக்கம் ஒன்றே.

காத்திருந்தவர்க்குக் கிட்டியது யாது? தீய மோதிரம் அழிகிறது. தோழர்கள் ஊர் திரும்புகின்றனர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற ஊர் அங்கில்லை. மரங்கள் வெட்டப்பட்டுள்ளன; பழைய வீடுகள் இடிக்கப்பட்டுள்ளன. கொடியோரை விரட்டிப் புதுக்கன்றுகளை நட்டபின் ஊர் மீண்டும் தழைக்கிறது. எனினும் ஊரைக் காத்த ஃபிரோடோவின் புண் ஆறவில்லை. அவன் கப்பலேறிக் கடல் கடந்து மறைய, சாம் மட்டும் மனைவியும் குழந்தையும் இருக்கும் இல்லத்திற்கு மீள்கிறான்.

வெற்றிக் களிப்பை எதிர்பார்த்து ஏடு புரட்டிய எனக்கு இவ்விடத்தில் கண்கள் நிறைந்தன. விடுமுறையில் ஊர் சென்று, கிணற்றடி வேம்பு நின்ற இடத்தில் வெற்றிடம் கண்டு திகைத்த நாள் நினைவில் எழுந்தது. முதற்கதையைச் சிறுவராய்ப் படித்தோர் தொடர்ச்சி வந்தபோது மணமாகிப் பிள்ளை பெற்றிருந்திருப்பர். அவர்களுள் போர்முனை கண்டு மீண்டோரும் இருந்திருப்பர். பழைய ஹாபிட்டையும் பழைய வீட்டையும் தேடிச் சென்ற அவர்கள், தாமும் பழையவர் அல்லர் என்பதை அங்கே உணர்ந்திருப்பர்.

முல்லைத் தலைவன் குறித்த பருவத்தில் மீண்டாலும், காத்திருந்த நாள்கள் மீள்வதில்லை. ஆயினும் சாம் கதவைத் திறந்து உள்ளே செல்கிறான். அங்கே விளக்கெரிகிறது, உணவு ஆயத்தமாக இருக்கிறது. அயலூரில் குடியமர்ந்த நமக்கு அந்த ஒரு காட்சி போதும்.