யூரிக் அமிலமும் இனிப்பு நீரும்



இனிப்பு நீர் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் நீரிழிவு நோயையும், கால் கட்டைவிரலைச் சிவந்து வீங்கச் செய்யும் 'கவுட்' என்னும் மூட்டு நோயையும் வெவ்வேறாகவே பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஒருவருக்கே இரண்டும் வருவது அபூர்வமல்ல. இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் எவ்வாறு அறிந்தது என்று பார்ப்போம்.

1776ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் ஷீலே, சிறுநீர்க் கற்களை ஆராய்ந்து அவற்றில் ஒரு புதிய அமிலத்தைக் கண்டார். அதுவே பின்னர் யூரிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. வியப்பு என்னவென்றால், அதே 1776இல் இங்கிலாந்து மருத்துவர் மேத்யூ டாப்சனின் ஆராய்ச்சியும் வெளிவந்தது. அவர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சினார். அடியில் சர்க்கரை தங்கியது. இரத்தத்திலும் அந்த இனிப்பு இருப்பதை அவர் அறிந்தார்.

1848இல் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட், கவுட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். இரத்தத்தின் தெளிந்த நீரில் சிறிது அமிலம் சேர்த்து, ஒரு நூலைப் போட்டு வைப்பார். நூலில் கற்கண்டு படிவதுபோல, யூரிக் அமிலப் படிகங்கள் அதில் படியும். நோயாளியின் மூட்டுக்குள்ளும் இவ்வாறே படிகங்கள் சேர்ந்து வலியை உண்டாக்குகின்றன.

1921இல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் சில நோயாளிகளின் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை என்பதை 1936இல் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் விளக்கினார். இன்று இரண்டாம் வகை நீரிழிவு என்பது பெரும்பாலும் இதுவே. அத்தகைய உடல் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி, யூரிக் அமிலத்தை வெளியேற்ற விடாமல் சிறுநீரகத்தைத் தடுக்கிறது. இரு நோய்களும் சந்திக்கும் முக்கியமான இடம் இதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரை கட்டுக்கு மீறி ஏறும்போது அது சிறுநீரில் வழிந்து, யூரிக் அமிலத்தையும் உடன் கொண்டு போய்விடுகிறது. ஆகவே, யூரிக் அமிலம் குறைந்துவிட்டது என்று ஒரு நீரிழிவு நோயாளி மகிழ்ந்துவிடக் கூடாது. சர்க்கரையின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1966இல் அலோப்யூரினால் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கவுட் நோய்க்கு அது நல்ல மருந்து. அது சிறுநீரகத்தையும் காக்குமா என்று ஆராய்ந்த இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆதலால் வலியோ கல்லோ இல்லாதவருக்கு, எண் சற்று உயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் மருத்துவர்கள் பொதுவாக இம்மருந்தைக் கொடுப்பதில்லை.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குக் கூறுவது இதுதான். மூட்டு வீங்கினால் கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்காதீர்கள். ஏற்கெனவே நீரிழிவால் நலிந்த சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். மருந்தகத்திற்குச் சென்று சர்க்கரை, யூரிக் அமிலம், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். இனிப்புப் பானம், மது, ஈரல், நெத்திலி ஆகியவற்றைக் குறையுங்கள். சர்க்கரை மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.