பேரனின் வீடியோ கேமும் ஆறு ஆண்டு வரலாறும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

தலைப்பைப் பார்த்ததும் "நம்ம வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வீடியோ கேம் என்ற பேச்சு காதில் விழுந்தாலே பிரம்பைத் தேடியவன் நான். வகுப்பில் கொண்டுவந்தவனிடமிருந்து பறிமுதல் செய்ததும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன், எட்டாம் வகுப்பு, எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருந்தான். திட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒருநாள் மாலை "அப்படி என்னதான்டா இருக்கு அதுல?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கதை தாத்தா" என்றான். டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வரிசை. முதல் நான்கு பாகங்களையும் ஏற்கெனவே முடித்துவிட்டானாம். அவற்றின் கதையைச் சொன்னான். ஐந்தாம் பாகம் என் கண் முன்னால் நடந்தது. எனக்கோ வரலாறு நடத்திய பழக்கம் விடவில்லை. எப்போது, யார், ஏன் என்று தேடிப் படித்தேன்.

இந்த வகைக்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர். நாம் ஒரு பாத்திரத்தை ஏற்று ஊர் ஊராக நடக்க வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், சண்டை போட்டு வலுப்பெற வேண்டும். அமெரிக்காவில் கணினிகளில் அல்டிமா, விஸார்ட்ரி என்று முன்பே இருந்தன. அவற்றை ரசித்து ஆடிய யூஜி ஹோரி என்பவர், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நிண்டெண்டோ ஃபேமிகாம் கருவிக்கு ஏற்றபடி எளிமையாக ஒன்றை எழுதினார். உருவங்களை வரைந்தவர் அகிரா டோரியாமா, டிராகன் பால் வரைந்தவர்தான். இசை கோய்ச்சி சுகியாமா. எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27 அன்று வெளியிட்டது. மொத்த விளையாட்டும் 64 கிலோபைட். காலையில் நீங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது!

அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு கதை சொல்ல முடியும்? ஒரே ஒரு வீரன். பழங்கால மாவீரன் எர்ட்ரிக்கின் வம்சம். (ஜப்பானிய மூலத்தில் ரோட்டோ. பேரன் ஆடியது ஆங்கிலப் பதிப்பு, அந்தப் பெயர்களையே எழுதுகிறேன்.) புறப்படும் அரண்மனையிலிருந்து பார்த்தாலே, தண்ணீருக்கு அக்கரையில் எதிரியின் கோட்டை தெரிகிறது. ஆனால் போய்ச் சேர நாடு முழுவதும் சுற்ற வேண்டும். கடைசியில் டிராகன் அரசன் "என்னோடு சேர்ந்தால் பாதி உலகம் உனக்கு" என்கிறான். சரி என்று சொல்லவும் விடுகிறார்கள்! சொன்னால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. இளவரசி இன்னும் வேடிக்கை. "நானும் வரட்டுமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் மறுபடி கேட்பாள், சரி சொல்லும்வரை விடமாட்டாள். என் வீட்டம்மா இதைக் கேட்டு அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

இரண்டாம் பாகம் 1987 ஜனவரியில் வந்தது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த வம்சத்தின் மூன்று வாரிசுகள் ஒருவரையொருவர் தேடிச் சேர்கிறார்கள். ஒருவர் மூவரானார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் பாகத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியானது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைவாசலில் வரிசையில் நின்ற பிள்ளைகள் ஜப்பானில் பெரிய செய்தியானார்கள். அடுத்த பாகத்தை ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார்கள். அரசாங்கமே சட்டம் போட்டதாக இன்றும் ஒரு வதந்தி உலவுகிறது. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.

கதைக்கு வருகிறேன். பதினாறாவது பிறந்தநாளில் ஒரு பிள்ளையை அம்மா எழுப்பி அரண்மனைக்கு அழைத்துப் போகிறாள். தந்தை ஒர்டேகா போருக்குப் போய்த் திரும்பாதவர். துணைக்கு வரும் ஆட்களை நாமே பெயர் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைக்கும் முந்தைய பாகங்களுக்கும் தொடர்பே இல்லாததுபோல் கதை போகிறது. பாராமோஸ் என்ற அரக்கனை வென்று ஊர் திரும்பினால் விழா தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து, அவனுக்கும் மேலே ஸோமா என்று ஒருவன் இருப்பது தெரிகிறது. அவனைத் தேடிப் பாதாளத்தில் இறங்கினால், அங்கே இருப்பது முதல் பாகத்தின் நாடு! ஸோமாவை வென்றதும் அரசர் கொடுக்கும் பட்டம்தான் எர்ட்ரிக். அதாவது, முதல் இரண்டு பாகங்களிலும் யாரை மூதாதை என்று சொன்னார்களோ, அவராக இத்தனை நேரம் ஆடிக்கொண்டிருந்தவர் நாம்தான். மூன்றாவதாக வந்தது முதல் கதை. மேலுலகத்துக்குத் திரும்பும் வழி மூடிவிடுகிறது. அந்த அம்மா என்ன ஆனாள் என்று பேரனைக் கேட்டேன். "அது காட்ட மாட்டாங்க தாத்தா" என்றான்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஐந்து பாகங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றேதான். பேசாத நாயகன், ஊர்கள், குகைகள், கடைசியில் ஓர் அரக்கன். ஹோரி மாற்றிக்கொண்டே வந்தது, கதையில் நம்மை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத்தான். முதலில் வம்சத்தின் நுனியில் நிறுத்தினார். மூன்றாவதில் வேரில் நிறுத்தினார்.

நான்காவது 1990 பிப்ரவரி 11 அன்று வந்தது. ஐந்து அத்தியாயங்கள். நாயகன் முழுதாகக் களமிறங்குவது ஐந்தாவதில்தான்! அதுவரை ஒரு போர்வீரர், அரண்மனைச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஓர் இளவரசி, ஒரு வியாபாரி, தந்தையைக் கொன்றவனைத் தேடும் இரண்டு சகோதரிகள் என்று தனித்தனிக் கதைகள். எனக்குப் பிடித்தவர் வியாபாரி டோர்னெகோ. மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு அடுத்தவர் கடையில் போய் நிற்கிறார். உலகைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, சொந்தக் கடை வைக்க வேண்டும். அதற்கு ஒரு முழு அத்தியாயம்! எதிரி சாரோவுக்கும் ஒரு நியாயம் வைத்தார் ஹோரி. அவன் நேசித்த ரோஸ் என்ற பெண் அழுதால் கண்ணீர் மாணிக்கமாகும். அந்த ஆசையில் மனிதர்கள் அவளைக் கொல்கிறார்கள். அதன் பிறகு அவனை வெறும் அரக்கன் என்று தள்ள முடியவில்லை.

ஐந்தாம் பாகம், 1992 செப்டம்பர் 27. இதில் நாயகன் ஆறு வயதுக் குழந்தை. பியான்கா என்ற எட்டு வயதுச் சிறுமி அவனுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன் என்று எடுப்பாள். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு "கஷ்டமான சொல்லா இருக்கு" என்று மூடிவைப்பாள். நாற்பது வருஷம் நான் பார்த்த முகம்! தந்தை பாங்க்ராஸ் கூடவே வருவார். சண்டையில் பையன் ஒரு முறை வெட்டினால் அவர் இரண்டு முறை வெட்டுவார். முடிந்ததும் அவரே பையனின் காயத்தை ஆற்றுவார். ஒரு வசனமும் கிடையாது, அப்பா என்றால் என்ன என்பதை விளையாட்டின் கணக்கிலேயே சொல்லிவிட்டார்கள். பின்பு ஒருநாள் பையனைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு அவரை அடிக்கிறார்கள். திருப்பி அடிக்காமலே சாகிறார். பேரன் அப்போது என் பக்கம் திரும்பவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை.

பையன் பத்து ஆண்டு அடிமையாகக் கல் சுமக்கிறான். தப்பிக்கிறான். திருமணம், இரட்டைக் குழந்தைகள். பிறகு எட்டு ஆண்டு கல்சிலையாக நிற்கிறான். உலகைக் காக்கும் வாளைத் தேடி எடுத்திருந்தும் அவனால் அதை ஏந்த முடியவில்லை. அவன் மகனால் முடிகிறது. காவியத் தலைவன் மகன்தான். நாம் ஆடிக்கொண்டிருந்தது நடுவில் இருந்தவனின் கதை.

ஒரு காட்சி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. குழந்தைப் பருவத்தில், ஊருக்குள் ஒரு அந்நியர் வந்து, பையன் வைத்திருக்கும் தங்க உருண்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தருவார். எவ்வளவு துன்பம் வந்தாலும் தளராதே என்று சொல்லிப் போவார். யாரென்று தெரியாது. வெகுநேரம் கழித்து, வளர்ந்த நாயகன் மாயத்தால் அந்தப் பழைய நாளுக்குப் போகிறான். அந்த அந்நியர் அவனேதான்! போலி உருண்டையைக் கொடுத்துவிட்டு உண்மையானதை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்குள் அப்பா உயிரோடு இருக்கிறார். பேசலாம். நடந்ததை மாற்ற முடியாது.

அன்றிரவு பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். 1998ஆம் வருடம், ஏழாம் வகுப்பு, கடைசி வரிசை. ஒரு பையனிடமிருந்து கையடக்க பிரிக் கேம் ஒன்றைப் பிடுங்கினேன். "எங்க மாமா துபாயிலேர்ந்து வாங்கிட்டு வந்தது சார்" என்று ஒரு மாதம் பின்னாலேயே வந்தான். அப்பாவைக் கூட்டிவா என்றேன். அவனுக்கு அப்பா இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது, பிறகு சக ஆசிரியர் சொன்னார். தருகிறேன், தருகிறேன் என்றே இருந்து, மாற்றல் வந்து ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெட்டியின் அடியில் பழைய ஹால் டிக்கெட்டுகளுக்குக் கீழே கிடந்தது.

பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. பேரன் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, புது செல் போட்டான். ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் கோடு சரியாகத் தெரியவில்லை.

தம்பி, பெயர் போடவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். முகவரியை இன்பாக்ஸில் அனுப்பு. பக்கத்து ஊரில் இருந்தால் நானே கொண்டுவந்து தருகிறேன்.